கள்ளன் திறக்க முடியாமல் விட்டுப்போன கதவு

தொழில் தெரிந்த கள்ளன் கார்ப் பூட்டைப் பெரிதாகச் சேதப்படுத்துவதில்லை. வருகிறான், திறக்கிறான், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறான். சில வேளை கதவைச் சாத்திவிட்டும் போவான். தொழில் தெரியாதவன் கையில் ஒரு ஸ்க்ரூ ட்ரைவரோடு வந்து, சாவி ஓட்டைக்குள் அதைச் செருகி முறுக்கி, அது திரும்பவில்லை என்றதும் கைப்பிடியைப் பிடித்து உலுக்கி, அதுவும் சரிவரவில்லை என்றதும் கதவின் மேல் விளிம்பை நெம்பிப் பார்த்து, கடைசியில் நாய் குரைக்கும் சத்தத்துக்கோ தேயிலைக் கொழுந்து லொறி வரும் வெளிச்சத்துக்கோ பயந்து ஓடிவிடுவான். ஒன்றுமே களவு போகவில்லை, நல்ல காலம் என்று ஊரே சொல்லும். ஆனால் அந்தக் கதவை மறுபடி கதவாக்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். வீட்டில் என்று சொல்வதும் சரியில்லை, கார் நிற்பது வீட்டில் இல்லை. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஏ7 வீதியிலிருந்து உள்ளே ஏறும் ஒரு தோட்டப் பாதையில் எங்கள் வீடு. ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய வீடு; அதில் வீடு போக மிச்சம் கறிவேப்பிலை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும்தான் இடம். அதோடு கடைசிப் பகுதி முழுக்கப் படிக்கட்டு. ஆகவே கார் கீழே, கோயிலைத் தாண்டி வரும் முடக்கில்தான் நிற்கும். தோட்டத்தில் கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே கதைதான். கார் ஒரு இடத்தில், நாம் ஒரு இடத்தில், நடுவில் இருட்டும் பனியும். தேயிலை ஸ்டோர்ப் பக்கம் நிறுத்தலாம், அங்கே வாச்சர் இருக்கிறார், ஆனால் அது தோட்டத்து இடம், மனேஜர் தொரை மாறினால் சட்டமும் மாறும்.

காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் முதலில் பார்த்துவிட்டுப் படியேறி வந்து சொன்னார். "மாஸ்டர், ஒங்க காரு கதவுல என்னமோ தொங்குது."

தொங்கியது சாவி ஓட்டையைச் சுற்றியிருக்கும் வளைய மூடி. மெல்லிய தகடு, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. அதற்குப் பின்னால் ஓட்டையின் இரண்டு உதடும் அகன்று, ஒரு சிறிய கதவு எப்போதும் மூடியிருக்கும் இடத்தில் வெறும் கறுப்பு. சுற்றிவரப் பெயின்ட் அரைவட்டமாகச் சுரண்டப்பட்டு, அடியில் இருக்கும் சாம்பல் நிறமும் அதற்கும் அடியில் பளபளக்கும் இரும்பும் தெரிந்தன. கைப்பிடியைத் தூக்கினால் அது எதையும் பிடிக்காமல் தளதளவென்று வந்தது. கதவின் மேல் மூலையில், ஷட்டர் கண்ணாடியின் ஃப்ரேமுக்கும் கூரைக்கும் நடுவில், ஒரு விரல் நகம் போகுமளவு இடைவெளி. மற்றக் கதவுகளைத் தொடவில்லை. உள்ளே இருந்த குடை, திருத்த வைத்திருந்த கொப்பிகள், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. கொப்பிகளை எடுத்துப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று என் மனைவி சொன்னதை இங்கே எழுதவேண்டியதில்லை.

யார் செய்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். போதைத் தூள் அடிக்கும் பொடியன்கள், வெளியூர்க்காரன், பக்கத்து டிவிஷனில் அந்தக் குடும்பம். எனக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. லயத்தில் எது காணாமல் போனாலும் கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தலைமுடியில் நிறம் பூசிக்கொண்டு வந்த பையனின் பெயர்தான் முதலில் அடிபடும். பார்த்தவர் இல்லை என்றால் பெயர் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

அதைவிட, ஏன் இந்தப் பழைய கார் என்று கேட்டால் பதில் சொல்லலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு தகரமும் தங்கமாகிவிட்டது. முப்பது வயதான நிசான் சன்னிக்கும் விலை ஏறியது, அதன் சைட் மிரருக்கும் பற்றரிக்கும் ரேடியோ செட்டுக்கும் ஏறியது. முழுக் காரையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றில்லை, உள்ளே நுழைந்து பொனட்டைத் திறந்து பற்றரியைக் கழற்றினாலே ஒரு கிழமைச் சம்பளத்தை விட அதிகம் கிடைக்கும். நம்முடைய காரின் மதிப்பு நமக்குத் தெரியாமல் இருக்கலாம், அவனுக்குத் தெரியும்.

சரி, கதவுக்கு வருவோம்.

இப்படி ஒரு பூட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சாவியைப் போட்டுப் பார்ப்பது. போடாதீர்கள். காரின் பூட்டு சிலிண்டருக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குட்டி ஸ்ப்ரிங். சாவி இல்லாதபோது ஸ்ப்ரிங் தகடுகளைத் தள்ளி வைத்திருக்கும், அவற்றின் முனை வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு சிலிண்டரைத் திரும்ப விடாது. சரியான சாவி போனால் அதன் வெட்டுக்கள் எல்லாத் தகட்டையும் உள்ளே இழுத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் நேர்வரிசையில் நிற்பது மாதிரிதான், ஒருவன் தலையை வெளியே நீட்டினாலும் அதிபர் அடுத்த வேலைக்குப் போகமாட்டார். ஸ்க்ரூ ட்ரைவர் செருகி முறுக்கிய பூட்டில் முன்வரிசைத் தகடுகள் இரண்டு மூன்றாவது வளைந்திருக்கும். அதற்குள் சாவியைத் திணித்தால் போகும்போது போய்விடும், வெளியே வரும்போதுதான் மாட்டும். பழைய சாவியாக இருந்தால் கழுத்தோடு முறிந்து பாதி உள்ளே நின்றுவிடும். அந்தச் சாவிதான் ஸ்டார்ட் பண்ணுவதற்கும் என்றால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அடுத்த பக்கக் கதவைத் திறந்து உள்ளே போங்கள். போகுமுன் படம் எடுங்கள், எட்டவிருந்து ஒன்று, கிட்டவிருந்து ஒன்று, சுரண்டலின் ஆழம் தெரிய ஒன்று. கைப்பிடியைத் துடைக்கவேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே கவர் கழன்றிருக்கிறதா, வயர் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரெவனியூ லைசன்ஸ் கண்ணாடியில் இருக்கிறதா பாருங்கள். வாகனப் பதிவுச் சான்றிதழை டேஷ் போர்டுக்குள் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள், அது காரில் இருக்க வேண்டிய சாமான் இல்லை.

பொலிஸுக்குப் போகவேண்டுமா? ஒன்றும் களவு போகவில்லையே என்பார்கள். போகத்தான் வேண்டும். அந்த முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் ஃபுல் இன்சூரன்ஸ்காரன் பேசமாட்டான், நாளைக்கு இதே கார் முழுதாகக் காணாமல் போனால் முதல் தடவை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் வரும். எங்கள் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள். எழுதியவர் நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார், கையெழுத்துப் போடுங்கள் மாஸ்டர் என்றார். வாசித்துத் தமிழில் சொன்னால் போடுகிறேன் என்றேன். கொஞ்சம் பார்த்தார், பிறகு தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே தமிழும் ஆட்சிமொழி என்று எழுதியாகிவிட்டது; மலையில் அது பொலிஸ் மேசை வரைக்கும் வந்து சேர்வதற்கு நாம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. வாசித்துக் காட்டியபோது இடது பக்கக் கதவு என்று எழுதியிருந்தது தெரிந்தது. உடைந்தது வலது பக்கம், ஓட்டுபவர் பக்கம். கேட்டதால் திருத்த முடிந்தது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, நம் பக்கத்தில் பழைய கார்க்காரர்கள் பலரும் அதுதான், சொந்தக் காரின் சேதத்துக்கு ஒரு சதமும் வராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் காரை அசைக்குமுன் அங்கேயே நின்று அழையுங்கள். ஆனால் நம் கையிலிருந்து போட வேண்டிய கழிவுத் தொகை எவ்வளவு, இந்தக் கோரிக்கையால் அடுத்த வருடம் நோ க்ளெய்ம் போனஸில், அதாவது கோரிக்கை போடாமல் இருந்ததற்குக் கிடைக்கும் சலுகையில், எவ்வளவு போகும் என்று இரண்டையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரு பூட்டுக்காகக் கோரிக்கை போட்டு, போனஸில் அதைவிட அதிகமாக இழந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் மழை. எங்கள் பக்கம் மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் வானம் மூடியே கிடக்கும். சாவி ஓட்டையின் மூடி போய்விட்டால் அது நேராகக் கதவுக்குள் போகும் ஒரு குழாய்தான். ரிப்பேருக்கு ஆள் கிடைக்கும்வரை அந்த இடத்தைத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, வயர் சுற்றும் கறுப்பு டேப்பை ஒட்டிவிட வேண்டும். பெயின்ட் போன இரும்பில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு பிடிப்பது தள்ளிப்போகும். பூட்டுக்குள் மட்டும் கிரீஸோ சமையல் எண்ணெயோ வேண்டாம். பக்கத்து வீட்டு மாமா அன்பாக ஒரு போத்தல் மூடியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அதை ஊற்றினால் ஏதோ கொஞ்ச நாள் ஓடும். 24, 25 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும் எண்ணெய் அது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதைவிடக் கீழே இருக்கும் நாங்களும் விடிகாலையில் அந்தப் பாகையைக் காண்பதே இல்லை. தலைக்குத் தடவுகிற எண்ணெயையே அடுப்பருகில் வைத்து உருக்குகிற ஊரில் அதைப் பூட்டுக்குள் ஊற்றினால், தகடுகளுக்கு நடுவில் மெழுகாக உறைந்து நிற்கும். பூட்டு இறுகினால் பென்சில் கரியே போதும். 6பி மாதிரி மெதுவான பென்சிலைச் சாவியின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்து, சாவியை மெல்ல உள்ளே விட்டு எடுங்கள். நல்ல பூட்டுக்குத்தான் இது, உடைந்ததற்கு இல்லை.

கராஜில் மெக்கானிக் பாஸ் கதவைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் தீர்வு சொன்னார். "இது வேணாம் சேர். ஓட்டைய அடைச்சி பெயின்ட் பண்ணிருவம். ரிமோட் இருக்குதானே?"

இந்த யோசனையைக் கேட்காத ஆள் நம் பக்கம் இருக்கமாட்டார். மலிவு, சுத்தம், அடுத்த கள்ளனுக்கு ஸ்க்ரூ ட்ரைவர் செருக இடமே இல்லை. ஆனால் ரிமோட் வேலை செய்வது பற்றரியில். பள்ளிக்கூட லீவில் கார் ஒரு கிழமை குளிரில் நின்று பற்றரி இறங்கிவிட்டால் ரிமோட்டை அழுத்தி அழுத்தி விரல்தான் வலிக்கும். எங்கள் காரில் அடுத்த பக்கக் கதவிலும் சாவி ஓட்டை இருப்பதால் தப்பலாம். புது வகைக் கார்கள் பலவற்றில் ஓட்டுபவர் கதவில் மட்டும்தான் ஒரு ஓட்டை, சிலவற்றில் அதையும் ஒரு மூடிக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள், அதற்கான சாவி ரிமோட்டுக்குள்ளேயே செருகியிருக்கும். வேகன் ஆர், விட்ஸ் மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் அந்தச் சாவியை ஒருமுறையாவது உருவி, கதவில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். வருடக்கணக்காகத் தொடாத பூட்டு தேவைப்படும் அன்றைக்குத் திறக்காது. அப்படிப்பட்ட காரில் ஓட்டையை அடைப்பது பற்றரி இருக்கும் பொனட்டையும் சேர்த்து அடைப்பதுதான், ஏனென்றால் பொனட் திறக்கும் நெம்பு உள்ளே இருக்கிறது.

இரண்டாவது வழி, சைனா செட். கதவு, டிக்கி, ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே சாவியோடு பெட்டியில் வரும். பளபளவென்று இருக்கும். எங்கள் பஜாரில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை நானாவே எனக்கு அதை விற்க மறுத்துவிட்டார். "மாஸ்டர், இத வாங்கிட்டுப் போய் ஆறு மாசத்துல என்னைய ஏசுவீங்க. கம்பி மாட்டுற நாக்கு மெதுவான இரும்பு." அவருக்கு நஷ்டம்தான், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக இனி பல்ப் வாங்குவதென்றாலும் அங்கேதான் போவேன்.

மூன்றாவது வழி பஞ்சிகாவத்தை. ஜப்பானில் கழித்த கார்களிலிருந்து வரும் ரீகண்டிஷன் சாமான் கொழும்பில் அந்தத் தெருவில் குவிந்து கிடக்கும். படத்தை அனுப்பி, சேசி இலக்கத்தைச் சொல்லி, கடைக்காரர் ஒத்துக்கொண்டதும் காசைப் போட்டால், ஹட்டன் பஸ் கண்டக்டர் கையில் ஒரு பார்சல் வந்துவிடும். சிலிண்டரை மட்டும் கேட்காதீர்கள். சிலிண்டரோடு வெளிக் கைப்பிடியையும், பின்னால் அதைப் பிடித்திருக்கும் லாட வடிவக் கிளிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். கைப்பிடியை உலுக்கிய கள்ளன் அதன் பின்பக்கத்து நெம்பை முறித்திருப்பான். அது வெளியே தெரியாது, கதவைக் கழற்றிய பிறகுதான் தெரியும், பிறகு அதற்காக இன்னொரு பார்சல்.

பார்சலில் வந்த பூட்டுக்கு அதன் சொந்தச் சாவி, அல்லது சாவியே இருக்காது. அப்படியே மாட்டினால் கதவுக்கு ஒன்று, ஸ்டார்ட் பண்ண ஒன்று என்று இரண்டு சாவி. நிறையப் பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். தேவையில்லை. வந்த பூட்டின் கூட்டுக்குள் நம்முடைய பழைய பூட்டின் தகடுகளை மாற்றிப் போட்டால் பழைய சாவியே இதற்கும் பொருந்தும், பூட்டு ஒரே வகையாக இருக்கும்வரை. பஜாரில் படிக்கட்டுக்கு அடியில் சாவி வெட்டும் அண்ணன் இதைச் செய்தார், செய்வதைப் பார்க்க அனுமதியும் தந்தார்.

வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார். பழைய சிலிண்டரை அதன்மேல் வைத்து, குண்டூசி மாதிரி ஒரு கம்பியால் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி, வந்த வரிசையிலேயே படுக்கவைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு சின்ன எண் குத்தியிருக்கிறது: 2, 4, 1, 3 என்று. அந்த எண் சொல்வது தகட்டின் நடு ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை. நாலைந்து வகைத் தகடுதான் மொத்தம், அவை நிற்கும் ஒழுங்குதான் ஒரு காரின் சாவியை இன்னொரு காரின் சாவியிலிருந்து பிரிக்கிறது. வளைந்த தகடுகளை நிமிர்த்த அவர் முயலவே இல்லை. அதே எண்ணுள்ள தகட்டை வந்த பூட்டிலிருந்தே தேடி எடுத்தார். ஸ்ப்ரிங் ஒன்று துள்ளித் தெருவில் விழுந்தது, இரண்டு பேரும் குனிந்து தேடி, கிடைக்காமல், பழையதில் ஒன்றை எடுத்துக்கொண்டார். எல்லாம் போட்டபின் சாவியைச் செருகி, சிலிண்டரைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஒரு தகடு மயிரிழை அளவு வெளியே நின்றது. அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. பிறகு சாவி திரும்பிய சத்தம் இருக்கிறதே, அதற்கு அவர் கேட்ட கூலி குறைவு. கூட்டிக் கொடுத்தால் வாங்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

இனிக் கதவின் உள்பக்கம். இங்கேதான் கள்ளன் செய்யாத சேதத்தை ரிப்பேர் செய்பவர்கள் செய்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் போர்டைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இரும்பில் ஒட்டியபடி ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். பார்க்கப் பழைய பொலிதீன் மாதிரி, மதிப்பில்லாத சாமான் மாதிரி இருக்கும். பாஸ் அதை ஒரே இழுப்பில் கிழித்தெடுத்து மூலையில் போடுவார். ஒரு கையால் தடுத்து நிறுத்துங்கள். கார்க் கதவுக்குள் மழைத் தண்ணீர் போகவே கூடாது என்று யாரும் அதைச் செய்யவில்லை; ஷட்டர் கண்ணாடியில் வழியும் தண்ணீர் ரப்பரைத் தாண்டி எப்போதும் உள்ளே இறங்கும், கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போகும். அந்தத் தண்ணீரை டோர் போர்ட் பக்கம் வரவிடாமல் கதவுக்குள்ளேயே இறக்கிவிடுவது இந்தத் தாள்தான். அது இல்லாமல் டோர் போர்டைத் திரும்ப மாட்டினால் வெயிலூரில் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. இங்கே தெரியும். கால் மிதிக்கும் கம்பளம் நனையும், காலையில் முன்கண்ணாடி உள்பக்கமாக வெள்ளை பிடிக்கும், காருக்குள் ஊறிய சாக்கு வாடை வரும். அப்போது ஹீட்டர் போய்விட்டது, கூரை ஒழுகுகிறது என்று வேறு எதையாவது கழற்றத் தொடங்குவார்கள். பூட்டு மாற்றி மாதம் கழித்து வந்த தண்ணீருக்கும் பூட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

தாளைக் கீழிருந்து மெல்ல உரித்தால், கறுப்புக் கோந்து நூல் நூலாக இழுபட்டுக்கொண்டு முழுதாக வரும். கிழிந்துவிட்டால் தடித்த பொலிதீனைப் பழைய தாளை வைத்து அளவாக வெட்டிக்கொள்ளலாம். ஒட்டுவதற்குப் பியூட்டில் டேப், பசை மாதிரி மெதுவான ரப்பர் டேப் அது. இரட்டைப் பக்க டேப் இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் நிற்காது. ஒட்டும்போது தாளின் கீழ் விளிம்பு இரும்பின் மேலே வராமல், கதவின் இரும்பில் இருக்கும் நீண்ட வெட்டுக்குள் செருகி உள்பக்கமாகத் தொங்க வேண்டும், அப்போதுதான் வழிந்த தண்ணீர் கதவுக்குள்ளேயே சொட்டும். இதையும் சொல்லித்தான் செய்விக்க வேண்டியிருந்தது. கதவு திறந்திருக்கும்போதே அடி ஓட்டைகளை ஒரு ஈர்க்கால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். எங்களுடையதில் செம்மண் உருண்டு கட்டியாகி அடைத்திருந்தது.

அடுத்து கம்பிகள். பூட்டிலிருந்தும் கைப்பிடியிலிருந்தும் தனித்தனியே இரும்புக் கம்பி போய்க் கதவின் ஓரத்தில் இருக்கும் கொக்கிப் பெட்டியில் மாட்டும். ஒவ்வொரு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் கிளிப். முப்பது வருடத்துப் பிளாஸ்டிக், தொட்டாலே நொறுங்கும். சேர்த்துப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது, வயரால் கட்டிவைத்த கம்பி மலைப்பாதைக் குலுக்கலில் ஒருநாள் கழன்று கதவுக்குள் கடகடக்கும். எங்களுக்கு வந்த இன்னொரு தலைவலி எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டித் திறக்கும் சென்டர் லொக். பழைய காரில் பிறகு பொருத்திய செட் அது. ஓட்டுபவர் கதவில் இருக்கும் மோட்டாருக்கு ஐந்து வயர், மற்றவற்றுக்கு இரண்டு. மற்றக் கதவுகளுக்குத் திற, பூட்டு என்று சொல்வது இந்த ஐந்து வயர்க்காரன். கள்ளன் முறுக்கிய முறுக்கில் கம்பி வளைந்து, மோட்டார் பாதி வழியில் நின்றுவிட்டதால், திறந்ததா பூட்டியதா என்று அதற்கே புரியாமல் நாலு கதவும் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தன. ரிமோட் பொக்ஸ் பழுது, மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். வளைந்த கம்பியை நிமிர்த்தி, மோட்டாரின் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் பின்னால் நகர்த்தியதும் சத்தம் நின்றது. இப்படி அடித்துக்கொண்டிருந்தால் பற்றரியும் இறங்கும், அதனால் சரிசெய்யும்வரை அந்த ஃபியூஸைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மேல் மூலையில் நெம்பிய இடத்துக்கு, தகடு நிமிர்த்தும் டிங்கர் பாஸ் வேறு. அவர் வந்ததும் கதவைத் திறந்து வைத்து, ஷட்டரை முழுக்க இறக்கி, உள்பக்கமாக நின்று கதவின் இடுப்பில் துணி வைத்து முழங்காலை ஊன்றி, ஃப்ரேமை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார். இழுப்பார், சாத்திப் பார்ப்பார், மறுபடி இழுப்பார். ஒரே இழுப்பில் கூட இழுத்துவிட்டால் கண்ணாடி ஏறாது. சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டுக் கடதாசியை ரப்பரில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றும் தண்ணீரும் வரும். கடதாசியைச் சுற்றிவர எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று தூணில் இருக்கும், கதவின் பூட்டு வந்து மாட்டும் கொக்கிக் கம்பியைச் சிலர் நகர்த்துவார்கள். கள்ளன் அதைத் தொடவில்லை, ஆகவே நாமும் தொடத் தேவையில்லை. நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் முதலில் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.

பெயின்ட் விஷயம் சுருக்கமாக: சுரண்டிய இடத்தைத் தேய்த்து, பிரைமர் வைத்து, பிறகுதான் நிறம். பூட்டு வெளியே இருக்கும்போதே செய்யுங்கள், ஓட்டையின் விளிம்பில்தான் துரு தொடங்கும். மழை நாளில் பெயின்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும் என்று பாஸ் வேலையைத் தள்ளிப் போட்டால் கோபிக்காதீர்கள், அவர் சொல்வது உண்மை.

மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்தோம் என்று கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டார்ட் ஆகாமல் நிறுத்தும் ஒரு சுவிட்ச் போட்டிருக்கிறேன், எங்கே என்று எழுதமாட்டேன். அலாரம் போடச் சொன்னார்கள். இடி இடித்தாலும் கொழுந்து லொறி போனாலும் கத்தும், மூன்றாவது நாளிலிருந்து ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். சீற்றில் ஒரு பையும் வைப்பதில்லை, வெறும் பை என்றாலும். முடக்கில் ஒரு விளக்குப் போடச் சொல்லிக் கோயில் கமிட்டியில் பேசினேன். அங்கே நிற்பது என் கார் மட்டும் இல்லை, மூன்று த்ரீவீலும் ஒரு வேனும் நிற்கின்றன. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதில் பேச்சு நின்றிருக்கிறது, திருவிழாவுக்கு முன் முடிவாகிவிடும் என்று தலைவர் சொல்கிறார்.

பழைய சிலிண்டரையும் மிஞ்சிய தகடுகளையும் சாவி வெட்டும் அண்ணன் எறியவிடவில்லை, கடதாசியில் சுற்றிக் கையில் தந்துவிட்டார். போன மாதம் டிக்கிப் பூட்டு தேய்ந்து இறுகியபோது அதற்குத் தேவைப்பட்ட 3ஆம் எண் தகடு அதற்குள்தான் இருந்தது.